கங்கம்மா வீட்டு முறை

காரமேட்டுக்காரர்களுக்குத் தொண்டை பெரிது. கங்கம்மா தாம்பரம் மார்க்கெட்டில் கூடையை இறக்கி, "எறா, எறா, கழி எறா" என்று ஒரு குரல் விட்டால், சைக்கிளில் போகிறவர்கூட ஒரு கால் ஊன்றித் திரும்பிப் பார்ப்பார். "மைக்க முழுங்கிட்டு வந்தியா?" என்று பக்கத்தில் கருவாடு விற்கிறவள் கேட்பாள். மைக் எல்லாம் இல்லை. படகைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு வளர்ந்த தொண்டை அது.

கோவளத்துக்கும் கேளம்பாக்கத்துக்கும் நடுவே உப்பங்கழி அகன்று கிடக்கிற இடத்தில், நாலு புறமும் தண்ணீர் சூழ்ந்த மேடு ஒன்று. அதுதான் காரமேடு. முப்பது, முப்பத்தைந்து கூரை வீடுகள், ஒரு கன்னியம்மன் கோயில், உப்புக் கரிக்காத தண்ணீர் வருகிற ஒரே ஒரு கைப்பம்பு. ஆண்கள் கழியில் இறால் வலை கட்டுவார்கள், பெண்கள் விற்கப் போவார்கள். வலைக்குப் போகும் படகுகள் வேறு. ஊர் ஜனம் கரைக்குப் போய்வரப் பொதுவில் இருந்தது ஒரே படகு. அந்த ஒரு படகு எப்போதும் எதிர்க்கரையில்தான் இருக்கும். மேட்டில் நிற்கிறவருக்கு அது கோவளம் கரையில் இருக்கும். கோவளம் கரையில் நிற்கிறவருக்கு மேட்டில் இருக்கும். ஆகவே காரமேட்டில் எந்தப் பயணமும் ஒரு கத்தலில்தான் தொடங்கும். யாராவது மனசு வைத்து மூங்கில் கோலை ஊன்றிப் படகைக் கொண்டுவந்து விட்டால் உண்டு. இல்லாவிட்டால் கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

கங்கம்மா அப்படி உட்கார்ந்த காலைகள் கொஞ்சமல்ல. முதல் பஸ் போய்விடும். அடுத்த பஸ்ஸில் ஆபீஸ் ஜனம் ஏறிவிடும். மீன் கூடையைப் பார்த்தாலே கண்டக்டர் விசில் ஊதிவிடுவார். தாம்பரம் போய்ச் சேரும்போது ஐஸ் உருகி, நல்ல இடத்தை எல்லாம் மற்றவர்கள் பிடித்து, இவள் மார்க்கெட் வாசலில் சாக்கடை ஓரமாக உட்கார வேண்டி வரும். புருஷன் போன பிறகு அவளுக்குச் சோறு போட்டது அந்தக் கூடைதான். மகள் கனகவல்லியை ஊரப்பாக்கத்தில் கட்டிக் கொடுத்ததும் அந்தக் கூடையை வைத்துத்தான்.

இந்தக் கதையை மாற்றியவர் ஏசுபாதம். சேலையூரில் இருந்த ஒரு சிறிய தொண்டு சங்கத்தில் அவருக்கு வேலை. கிராமங்களுக்குப் பாதை, சிறு பாலம், கிணறு என்று திட்டம் போட்டுக் கொடுப்பார்கள். வெள்ளிக்கிழமை தோறும் கங்கம்மாவிடம் இறால் வாங்குகிறவர். எண்பத்தாறாம் வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை, "ஏம்மா இவ்ளோ லேட்?" என்று சாதாரணமாகக் கேட்டார். "படகு அந்தாண்ட கீது சார், நான் இந்தாண்ட கீறேன். வேற இன்னா?" என்று அவளும் சாதாரணமாகத்தான் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை மனிதர் கோவளம் கரையில் வந்து நின்றார்.

கரையில், பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஜமால் பாயின் கடை. உள்ளே கயிறு, தூண்டில், நங்கூரம், வாசலில் டீ. ஏசுபாதம் அந்த பெஞ்சில் ஞாயிறு தவறாமல் உட்கார்ந்து, யார் எப்போது போகிறார்கள், எதைச் சுமந்து போகிறார்கள், எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தார். பிளாட் போட வந்த ஆள் என்று ஊரில் பேச்சுக் கிளம்பியது. ஊர்த் தலைவர் துரை, அதாவது கங்கம்மாவின் கொழுந்தன், நேராகவே வந்து கேட்டுவிட்டார்.

"சார், எங்க மேட்ட விக்கறதா இல்ல. சும்மா டீ குடிச்சி வவுத்த கெடுத்துக்காதீங்க."

"வாங்க வரலைங்க. நீங்க எப்படிப் போய் வர்றீங்கன்னு பாக்க வந்தேன்."

"அத பாத்து இன்னா பண்ணப் போறீங்க? எங்களுக்கே பாக்க சகிக்கல."

சிரித்துக்கொண்டே ஆரம்பித்த பேச்சு பல ஞாயிறுகள் நீண்டது. துரைக்குப் பாலம் வேண்டும். பாலம் என்றால் வரும்போது வரட்டும், அதுவரை எத்தனை பேர் கரையில் நிற்பது என்றார் ஏசுபாதம். மோட்டார் படகு கேட்டார்கள் சிலர். "மோட்டார் நின்னா யார் பாப்பாங்க? டீசல் யார் வாங்கியாருவாங்க? நான் இந்தப் பக்கம் வர்றத நிறுத்திட்டாலும் இது ஓடணும். அப்படி ஒண்ணு சொல்லுங்க, செய்வோம்" என்றார். கடைசியில் ஜமால் பாய் கடையிலேயே விடை கிடைத்தது. அகலமான தட்டைப் படகு ஒன்று. அதன் இரண்டு முனையிலும் நீளமான நைலான் கயிறு. ஒரு கயிறு மேட்டுக் கம்பத்தில், ஒரு கயிறு கோவளம் கம்பத்தில். எந்தக் கரையில் நிற்கிறவரும் தன் பக்கத்துக் கயிற்றை இழுத்தால் படகு தானாக வந்து நிற்கும். வேலை இல்லாத நேரம் கயிறு தளர்ந்து தண்ணீருக்கடியில் கிடக்கும். வலைப் படகுகள் மேலே போய்க்கொள்ளலாம். கத்தல் வேண்டாம், டீசல் வேண்டாம், யார் காலிலும் விழ வேண்டாம்.

கயிற்றுப் படகு வந்த பிறகு கங்கம்மாவின் காலை மாறிப்போயிற்று. இருட்டுப் பிரியும்போது கம்பத்தடியில் நின்று நாலு இழுப்பு. படகு நாய்க்குட்டி மாதிரி வந்து காலடியில் நிற்கும். முதல் பஸ் கண்டக்டர் தயாளனிடமும் ஏசுபாதம் பேசி வைத்திருந்தார். கூடைக்கு அடியில் பாலிதீன் போட்டு, தண்ணீர் சொட்டாமல், கடைசி சீட்டுக்குப் பின்னால் வைத்துக்கொண்டால் ஆட்சேபணை இல்லை. "உனக்கு டிக்கெட் போட்டாச்சு. உள்ள எத்தினி எறா கீதுன்னு சொன்னா அதுங்களுக்கும் போட்டுருவேன்" என்பார் தயாளன். வண்டலூர் மலை தெரிகிற வரைக்கும் கங்கம்மா ஒரு தூக்கம் தூங்கி எழுவாள். மார்க்கெட்டில் நடு மேடை கிடைத்தது. வெளிச்சம் இருக்கும்போதே வீடு திரும்ப முடிந்தது. ஒவ்வொரு முறை அந்தக் கயிற்றைத் தொடும்போதும், யாரும் பார்க்காதபோது, கோயிலில் செய்கிற மாதிரி விரலைக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். ஏசுபாதம் நல்லா இருக்கணும், அவர் பிள்ளைகுட்டி நல்லா இருக்கணும் என்று மனசுக்குள் ஓடும்.

படகு தானாக வந்தாலும் அதைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். தண்ணீர் இறைக்கணும், கயிற்றில் சுற்றுகிற பாசியை எடுக்கணும், மழைக்காலத்தில் கழி இழுத்துக்கொண்டு ஓடும்போது வயசானவர்களைக் கூடவே இருந்து கொண்டுவிடணும். அதற்காக வீட்டுக்கு ஒரு நாள் முறை என்று ஏற்பாடு. கன்னியம்மன் கோயில் முன்னால் ஊர்க்கூட்டம் போட்டு ஏசுபாதமே முறையை வாசித்தார். கங்கம்மா வீடு வந்ததும் நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்.

"இவங்க வீட்ல ஆம்பிளை இல்லை. தெனமும் விடியக்காலம் பஸ் பிடிக்கணும். இவங்களுக்கு முறை வேண்டாம். படகை மட்டும் மத்தவங்க மாதிரியே உபயோகிச்சுக்கட்டும்."

எல்லோரும் தலையாட்டினார்கள். கங்கம்மா எழுந்து இரண்டு கையையும் கூப்பி, "நீங்க மகராசனா இருக்கணும் சார்" என்றாள். சத்தமாகவே சொன்னாள். ஊரே கேட்டது.

அந்தக் கும்பிடு எங்கே கொண்டுபோய் விடும் என்று அவளுக்கு அப்போது தெரியாது. வாசித்தவருக்கும் தெரியாது.

காரமேட்டில் இறால் வலை கட்டும் இடத்துக்குப் பாடு என்று பெயர். நல்ல பாடும் உண்டு, சேற்றுப் பாடும் உண்டு. எது யாருக்கு என்பதைத் தை மாதம் கோயில் முன்னால் குடம் வைத்துச் சீட்டெடுத்து முடிவு செய்வார்கள். சீட்டு எல்லா வீட்டுக்கும் கிடையாது. அந்த வருஷம் ஊர்ப் பொது வேலையில் கை வைத்த வீட்டுக்குத்தான். பொது வேலை என்றால் இத்தனை காலமும் முகத்துவாரம் தூர்ந்துபோகும்போது மண் வெட்டிக் கடலுக்கு வழி விடுவதுதான். புருஷன் செத்த பிறகும் கங்கம்மா அதில் விட்டுக்கொடுக்கவில்லை. கோவளத்தில் இருக்கிற தங்கை மகன் சேட்டுவை மண்வெட்டியோடு அனுப்பிவிடுவாள். அவள் பாட்டில் வலை கட்டுகிறவனும் அவன்தான். ஆளுக்குப் பாதி.

அந்த வருஷம் ஐப்பசி, கார்த்திகை இரண்டிலும் மழை கொட்டித் தீர்த்தது. முகத்துவாரம் தானாகவே உடைத்துக்கொண்டது. மண் வெட்டும் வேலையே வரவில்லை. ஊருக்குப் பொது வேலை என்று இருந்தது கயிற்றுப் படகு ஒன்றுதான்.

மார்கழியில் ஒரு நாள் சாயங்காலம் சேட்டு வலையைத் தோளில் போட்டுக்கொண்டு முகத்தைத் தொங்கவிட்டு வந்தான்.

"பெரிம்மா, நம்மளுக்கு இந்த வாட்டி பாடு இல்லியாமே?"

"எவன் சொன்னான்?"

"தொரை மாமாதான். வலைய மூட்ட கட்டிக்கினு வூட்டுக்குப் போடான்னாரு."

கங்கம்மா கூடையைக்கூட வீட்டில் வைக்கவில்லை. அப்படியே துரை வீட்டு வாசலுக்குப் போனாள். துரை வலைக்குச் சாயம் தோய்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா தொரை, என் பாடு எங்க போச்சு?"

"குந்து அண்ணி. கத்தாத. நான் எடுக்கல. பொது வேல செய்யாத வூட்டுக்குப் பாடு இல்லன்றது இன்னிக்கா நேத்தா?"

"நான் செய்ய மாட்டேன்னு எப்ப சொன்னேன்?"

"நீ சொல்லல. சேலையூர் சார் சொன்னாரு. நீ எந்திரிச்சு நின்னு கும்புடு போட்ட. ஊரே பாத்துச்சு." துரை சாயக் கையைத் துடைத்துக்கொண்டார். குரலில் கெட்ட எண்ணம் இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. "இப்ப நான் உனக்கு சீட்டு போட்டேன்னு வெச்சிக்கோ. மத்தவன் சும்மா இருப்பானா? முறையும் செய்யாம பாடும் எடுப்பாளா, தொரைக்கு அண்ணின்றதாலயான்னு கேப்பான். எனக்கு பேஜார்."

"அப்ப எனக்கு இந்த மேட்ல இன்னா தான் கீது?"

"வூடு கீது, படகு கீது. மீனு கோவளம் கரையில ஏலத்துல எடுத்து வித்துக்கயேன். உன் தொண்டைக்கு எங்க போனாலும் விக்கும்."

அவர் சொன்னதில் கணக்குத் தப்பு ஒன்றும் இல்லை. கோவளம் ஏலத்தில் எடுத்து விற்றால் வயிறு கழுவிவிடலாம். ஆனால் பாடு இல்லாத வீடு காரமேட்டில் வாடகைக்கு வந்தவன் வீடு மாதிரி. கூட்டத்தில் அதற்கு வாய் கிடையாது. திருவிழாவில் அதன் பேரைச் சொல்லிப் பிரசாதம் தரமாட்டார்கள். அன்று ராத்திரி கங்கம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. புருஷன் செத்தபோதுகூடச் சீட்டிலிருந்து எடுக்காத பேரை இப்போது எடுத்துவிட்டார்கள். எடுத்தது யார்? அவள் தினம் தினம் விரலைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற மனிதர்.

வெள்ளிக்கிழமை விற்பனை முடிந்ததும் நல்ல இறாலாக ஒரு பை தனியே எடுத்துக்கொண்டு கேம்ப் ரோடு பஸ் ஏறி சேலையூரில் இறங்கினாள். ஏசுபாதத்தின் மனைவி அவளை உள்ளே உட்காரவைத்து, இட்லி வைத்து, காபியும் கொடுத்தாள். ஏசுபாதத்துக்கு அவளைப் பார்த்ததில் ஏகப்பட்ட சந்தோஷம்.

"கங்கம்மா, உங்க படகைப் பத்திதான் நேத்து எங்க சங்கத்துல பேச்சு. மதுராந்தகம் ஏரிப் பக்கம் ஒரு ஊர்ல இதே மாதிரி கேக்கறாங்க. உங்க வீட்டுக்கு முறை வேண்டாம்னு வெச்சோம் பாருங்க, அதை எல்லாரும் ரொம்ப நல்ல விஷயம்னு சொன்னாங்க. அங்கயும் அப்படியே செய்யப் போறோம்."

"அப்டிங்களா சார்" என்றாள் கங்கம்மா. காபியை ஆற்றினாள். மறுபடியும் ஆற்றினாள்.

"ஏதாவது சொல்லணுமா?"

"இல்ல சார். சும்மா பாத்துட்டுப் போலாம்னு."

இட்லி அருமையாக இருந்தது என்று அந்த அம்மாளிடம் சொல்லிவிட்டு வந்துவிட்டாள். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டாள். தொண்டை பெரிசு, சமயத்தில் சத்தம் வராத தொண்டை.

கோவளத்தில் இறங்கி ஜமால் பாய் பெஞ்சில் உட்கார்ந்தவள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். பாய் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார்.

"அவருகிட்டயே சொல்லிட வேண்டியதுதானே?"

"எப்டி பாய் சொல்றது? சோறு போட்ட கைய கடிக்கற மாதிரி. நன்றி சொன்ன வாயாலயே குற சொல்றதா?"

"வருசா வருசம் நோம்புக்குக் கஞ்சி குடுத்து அனுப்பறேன். உப்பு இல்லன்னா நீ சொல்ல மாட்டியா?"

கங்கம்மா தலைச் சும்மாட்டைப் பிரித்து மறுபடி சுற்றினாள்.

"சொல்லு."

"போன வருசம் இல்ல பாய். கம்முனு குடிச்சுட்டேன்."

ஜமால் பாய் டம்ளரை வைத்துவிட்டார். "போன வருசமா? அப்ப ஊர்ல ஒருத்தன்கூட சொல்லலியே. அடப்பாவிங்களா. நான் எல்லாரும் நல்லாக்கீதுன்னு சொன்னாங்கன்னு வூட்ல சாஜிதாகிட்ட ஒரு வாரம் பெரும அடிச்சிக்கினு இருந்தேன்." பெஞ்சில் உட்கார்ந்திருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். பாய் சிரிக்கவில்லை. "சொல்லாம இருந்தா அவன் அடுத்த வருசமும் அதே கஞ்சியத்தான் காய்ச்சுவான் கங்கம்மா. உன் சாரு மதுராந்தகத்துல காய்ச்சப் போறாருன்ற. அங்க எந்தப் பொம்பளயோ குடிக்கப் போவுது."

அது அவளைத் தைத்தது.

பொங்கலுக்கு முந்தின ஞாயிறு ஏசுபாதம் கயிற்றைப் பார்க்க வந்தார். கரையில் கங்கம்மா காத்துக்கொண்டிருந்தாள். இருவரும் ஏறினார்கள். அவர் இழுக்கக் கையை நீட்டுமுன் அவளே மேட்டுக் கயிற்றை எடுத்து இழுத்தாள். பாதிக் கழி வந்ததும் நிறுத்தினாள். படகு மெல்ல ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது.

"என்னாச்சு? கயிறு மாட்டிக்கிச்சா?"

"இல்ல சார். நான்தான் நிறுத்தினேன். கரை வந்துட்டா சொல்ல மாட்டேன். இங்கியே சொல்லிட்றேன். தப்பா எடுத்துக்காதீங்க."

தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். முகத்துவாரம் உடைந்தது, மண் வெட்டாதது, முறை, சீட்டு, பாடு எல்லாவற்றையும் சொன்னாள். அவளுடைய குரல் வாழ்க்கையிலேயே முதல் தடவையாகத் தாழ்ந்திருந்தது. ஒரு கொக்கு பறந்து போய் வலைக் கம்பின் மேல் உட்கார்ந்தது.

"அத்தனை ஞாயித்துக்கிழமை உக்காந்து பாத்தேன்" என்றார் ஏசுபாதம். "உங்களுக்கு முறை வேணுமா வேண்டாமான்னு உங்களை ஒரு வார்த்தை கேக்கல."

"நல்லதுக்குதான சார் செஞ்சீங்க."

"அதான் கேக்கத் தோணல."

"உங்களால நான் நல்லா கீறேன் சார். மெய்யாலுமே சொல்றேன், இந்தக் கயிறு இல்லன்னா நான் இன்னும் அந்தக் கரையில கத்திக்கினுதான் இருப்பேன். நீங்க குடுத்ததுல அது ஒண்ணு மட்டும் எனக்கு வேணாம். திருப்பி எடுத்துக்குங்க."

"இப்பவே துரைகிட்ட போய் சொல்லிடறேன். உங்க வீட்டுக்கும் சீட்டு போட்டாகணும்னு..."

"ஐயோ, வேணாம் சார். நீங்க சொல்லிப் போட்டா அது இன்னொரு சலுக. நான் கேக்கறேன். நீங்க கூட நில்லுங்க, போதும்."

சாயங்காலம் கோயில் முன்னால் கூட்டம் கூடியது. கங்கம்மா எழுந்து, தன் வீட்டுக்கும் முறை வேண்டும் என்றாள். சலசலப்பு எழுந்தது.

"தாம்பரத்துல எறா துன்றவன்லாம் இன்னா பண்ணுவான்? அன்னிக்கு யாரு போறது?" என்றான் ஒருவன்.

"ஒரு நாளு சாம்பார் துன்னட்டும்" என்றாள் கங்கம்மா.

துரை கழுத்தைச் சொறிந்தார். "அண்ணி, ஆம்பிளங்க இழுக்கறப்பவே கை காந்துது. மழ நாள்ல வெள்ளம் இழுக்கும். அதுவும் இல்லாம, பொம்பள படகுல நின்னு வேல பாக்கறது நம்ம வழக்கத்துல..."

"தொழிலுக்குப் போற படகுல நான் கால் வெக்க மாட்டேன் தொரை. அது எனக்கும் தெரியும். இதுல நீங்க மீனா புடிக்கறீங்க? உன் பொண்டாட்டி தெனம் இதுல குந்திக்கினு போய் கருவேப்பிலை வாங்கியாரல? குந்தறதுக்குக் குத்தமில்ல, இழுத்தா மட்டும் குத்தமா?"

பெண்கள் பக்கமிருந்து சிரிப்பு வந்தது. துரையின் மனைவிதான் முதலில் சிரித்தாள். அவர் திரும்பி முறைத்தார். அவள் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு இன்னும் சிரித்தாள்.

ஏசுபாதம் எழுந்து நின்றார். "முறை வேண்டாம்னு வாசிச்சது நான். அவங்களைக் கேக்காம வாசிச்சேன். அது என் தப்பு. இதுக்கு மேல இது உங்க ஊர் விஷயம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

துரை யோசித்தார். அவர் நல்ல மனிதர்தான். ஆனால் எல்லோர் முன்னாலும் சட்டென்று விட்டுக்கொடுத்தால் தலைவர் பட்டம் எதற்கு? "சரி. ஆனா முறை செஞ்ச வூட்டுக்குத்தான் பாடு. நீ கேட்டிருக்க, இன்னும் செய்யல. சீட்டு அடுத்த ஞாயித்துக்கெழம. அதுக்குள்ள ஒரு நாளு முறை செஞ்சி காட்டு. எங்க வூட்டு முறைய எடுத்துக்கோ."

"என்னிக்கு?"

"காணும் பொங்கலு."

கூட்டத்தில் ஒரு 'ஓ' எழுந்தது. காணும் பொங்கல் அன்று கோவளம் கரை முழுக்க ஜனம். மேட்டிலிருந்து கட்டிக் கொடுத்த பெண்கள் எல்லாம் பிள்ளை குட்டியோடு வருவார்கள். காலையிலிருந்து விளக்கு வைக்கிற வரைக்கும் படகு நிற்கவே நிற்காது. அந்த நாள் தன் தலையில் விழுந்திருக்கிறதே என்று துரை மாசக்கணக்கில் புலம்பிக்கொண்டிருந்தது ஊருக்கே தெரியும்.

"அண்ணிக்கு சோதன வெக்கறியா, உன் தலவலிய தள்ளி உடறியா?" என்று கேட்டாள் துரையின் மனைவி.

"ரெண்டும்தான்" என்றார் துரை, மறைக்காமல்.

"எனக்கு சம்மதம்" என்றாள் கங்கம்மா.

காணும் பொங்கல் அன்று அவள் விடியும்போதே படகில் தண்ணீர் இறைத்துவிட்டு, உள்ளங்கையில் பழைய துணியைச் சுற்றிக்கொண்டு கம்பத்தடியில் நின்றாள். முதலில் வெறும் ஆட்கள். பிறகு கரும்புக் கட்டோடு ஆட்கள். பிறகு கரும்பையும் குழந்தையையும் ஒரே இடுப்பில் வைத்துக்கொண்டு வருகிறவர்கள். பலூன்காரன் ஒருவன் ஏறினான். புது வேட்டி நனையக் கூடாதென்று படகு நடுவில் ஒற்றைக்காலில் நின்ற மாப்பிள்ளை ஒருவனை, "குந்து ராசா, கொக்கு மாதிரி நின்னா கவுந்துருவோம்" என்று உட்காரவைத்தாள். ஒரே நேரத்தில் எல்லோரும் ஏறப் பார்த்தபோது தாம்பரம் மார்க்கெட் குரலை எடுத்தாள். கூட்டம் தானாக வரிசைக்கு வந்தது. மத்தியானம் கடல் ஏறி, கழியில் தண்ணீர் எதிர்த்து இழுத்தது. தோள்பட்டை இரண்டும் கழன்றுவிடும் போல இருந்தது. சேட்டு ஓடி வந்து கயிற்றைப் பிடித்தான். "உன் வேல ஞாயித்துக்கெழமைக்கு அப்பால. இப்ப போய் துன்னு" என்று விரட்டிவிட்டாள்.

ஊரப்பாக்கத்திலிருந்து மகள் கனகவல்லியும் மருமகனும் வந்து இறங்கினார்கள். அம்மா கயிறு இழுப்பதைப் பார்த்து மகளுக்கு அழுகை வந்துவிட்டது. மருமகன் சட்டைக் கையை மடித்துவிட்டு, "அத்தே, நீங்க உக்காருங்க, நான் இழுக்கறேன்" என்றான்.

"மாப்பிள்ள, இன்னிக்கு நம்ம வூட்டு முறை. நீங்க ஊரப்பாக்கம் வூடு. கம்முனு வாங்க" என்றாள். அவன் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தான். எதிரில் இருந்த கிழவர் ஒருவர் அவனிடம், "தம்பி, இந்தப் படகு வந்ததுல இருந்து நம்ம வூட்டு முறைன்னு ஆசையா சொன்ன ஆள இப்பதான் பாக்கறேன். நாங்கல்லாம் தலைவிதின்னு செய்வோம்" என்றார்.

விளக்கு வைத்த பிறகு கடைசி ஆளாகத் துரை கோவளம் கரையில் வந்து நின்றார். கூப்பிடவில்லை. கங்கம்மா படகோடு போய் அவரை ஏற்றிக்கொண்டாள். பாதி வழியில் அவர் எழுந்து அவளுக்குப் பின்னால் நின்று கயிற்றைப் பிடித்தார். அவள் விடவில்லை; விரட்டவும் இல்லை. இருவருமாக இழுத்துக் கரை சேர்ந்தார்கள்.

"கையில இன்னா போட்டிருக்க?" என்றார் இறங்கும்போது.

"துணிதான்."

"மஞ்சப் பத்து போடு." அவ்வளவுதான் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் முன்னால் குடம் வைத்தார்கள். சீட்டுப் போட்டார்கள். கங்கம்மா வீட்டுக்கு விழுந்தது மேட்டுக்குத் தெற்கே இருக்கிற சேற்றுப் பாடு. இருக்கிறதிலேயே கடைசி. கால் வைத்தால் முழங்கால் வரை இழுக்கும். இறால் பொடிசாகத்தான் கிடைக்கும். சேட்டு தலையில் கை வைத்துக்கொண்டான். "அண்ணி, வேணும்னா பக்கத்துப் பாட்டுக்காரன கேட்டுப் பாக்கறேன், பாதி பாதி..." என்று ஆரம்பித்தார் துரை.

"ஒண்ணும் வேணாம். எனக்கு வுழுந்தது எனக்கு" என்றாள் கங்கம்மா. ஊரில் நல்ல பாடு விழுந்தவர்கள்கூட அன்றைக்கு அவள் அளவுக்குச் சந்தோஷமாக வீட்டுக்குப் போகவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை அவள் சேலையூர் போனாள். பையில் சேற்றுப் பாட்டு இறால், பொடிசு பொடிசாக. ஏசுபாதத்தின் மனைவி வாங்கிப் பார்த்துவிட்டு, "என்ன கங்கம்மா, இந்த தடவை ரொம்பச் சின்னதா இருக்கே?" என்றாள்.

"எங்க பாட்டு எறாம்மா அது. தோல உரிக்க பேஜாருதான். ஆனா கொழம்பு வெச்சிப் பாருங்க, வுடமாட்டீங்க."

ஏசுபாதம் உள்ளேயிருந்து வந்தார். கையைப் பார்த்து விசாரித்தார். மதுராந்தகம் ஊரில் இப்போது ஒவ்வொரு வீட்டிலும் போய்க் கேட்டுக்கொண்டிருப்பதாகச் சொன்னார். அங்கே ஒரு கிழவி முறை வேண்டவே வேண்டாம் என்று சண்டை போட்டாளாம். கங்கம்மா சிரித்தாள். காபி வந்தது. ஒரு தடவை ஆற்றிக் குடித்து, டம்ளரைக் கீழே வைத்தாள்.

"சார், இன்னொண்ணு. நீங்க நட்ட கோவளம் கம்பம் ஆடுது. அன்னிக்கு நாள் பூரா இழுத்தேன் இல்ல, கையிலியே தெரிஞ்சிச்சு. இன்னும் ரெண்டு மொழம் உள்ள போவணும். படகு ஓரத்துல கட்டையும் ரொம்ப ஒசரம்; வயசான பொம்பளங்களுக்குக் கால தூக்கி வெக்க வரல. புடவ மாட்டுது. அப்பறம் மழைக்கு ஒதுங்க அந்தக் கரையில ஒண்ணுமே இல்ல, ஜமால் பாய் கடையத் தவிர. அவரு டீ வாங்கிக் குடிக்காம நிக்க உட மாட்டாரு."

வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த ஏசுபாதத்தின் மனைவி, "அப்பப்பா, இவ்வளவையும் மனசுலயே வெச்சுக்கிட்டு இருந்தீங்களா?" என்றாள்.

"சொல்லலாம்னு இப்பதான்மா தெரிஞ்சிச்சு" என்றாள் கங்கம்மா.

ஏசுபாதம் நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் எதிரில் உட்கார்ந்தார். "கட்டை எவ்வளவு உயரம் இருந்தா சரியா இருக்கும்?" என்று கேட்டார். கங்கம்மா தன் முழங்காலுக்குக் கீழே கையை வைத்துக் காட்டினாள்.